நாட்டுக்கோழி வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்க: மகளிர் குழுக்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 12 முதல் 20 பேர் கொண்ட ஒரு சுய உதவிக் குழு, ஒரே கொட்டகையில் 100 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வளர்த்து, அதில் வரும் பணத்தில் தங்கள் காலனிப் பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

அரசுப் பள்ளியில் எல்லாம் இலவசம்தானே? இதற்கு எதற்குக் கோழிப் பண்ணை?

பாடப்புத்தகம், சீருடை, பஸ் பாஸ், மதிய உணவு எல்லாம் கிடைக்கின்றன. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. ஆனாலும் ஜூன் மாதம் வந்தால் வீட்டில் கை கடிக்கிறது. கூடுதல் நோட்டு, செருப்பு, மாலை டியூஷன், ஜியோமெட்ரி பாக்ஸ் என்று சின்னச் சின்னதாகப் போகும்.

பெரிய அடி பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் விழுகிறது. விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு, முதல் தவணைக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் இரண்டு மாதத்துக்குள் வரிசை கட்டி நிற்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வரும் பணம். சேருவதற்கு முன்னால் தேவைப்படும் பணத்துக்குத்தான் பல வீடுகளில் கந்துவட்டிக்காரரிடம் போகிறார்கள், அல்லது பிள்ளையை மில் வேலைக்கு அனுப்புகிறார்கள். குழுவின் கோழிப் பணம் அந்த இரண்டு மாத இடைவெளியை அடைக்க வேண்டும்.

எத்தனை குஞ்சில் தொடங்கலாம்?

முதல் முறை 100. அதற்குக் கீழே போனால் தீவனம் சில்லறை விலையில் வாங்க நேரும். அதற்கு மேலே போனால், அனுபவமில்லாத குழு முதல் மூன்று வாரத்தில் செய்யும் தவறு பெரிய நஷ்டமாகிவிடும். இரண்டு பேட்ச் நல்லபடியாக முடிந்த பிறகு 200, 250 என்று ஏற்றலாம்.

எந்த இனம் நல்லது?

கறிக்கு விற்பதென்றால் அசீல் (சண்டைக்கோழி இனம்) கலப்பு அல்லது ஊரில் நம்பிக்கையாகக் கிடைக்கும் பெருவிடை, சிறுவிடைக் கலப்பு. வாங்குபவர்கள் கோழியின் நிறத்தையும் கால்களையும் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். பல நிறம் கலந்த கூட்டம் சுலபமாக விற்கும். முட்டையும் வேண்டுமென்றால் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா இருக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம், நாமக்கல் கோழி இனங்களும் உண்டு. கருங்கோழி என்னும் கடக்நாத்தை முதல் பேட்ச்சில் எடுக்காதீர்கள். விலை அதிகம் என்பார்கள், ஆனால் உங்கள் ஊரில் வாங்க ஆள் இருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

குஞ்சு வாங்கும்போது பொரிப்பகத்தில் மேரெக்ஸ் (கால் முடக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும், ஆசனவாயில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மல்லாக்கப் போட்டால் உடனே புரண்டு எழும் குஞ்சுதான் நல்ல குஞ்சு.

எந்த மாதம் குஞ்சு இறக்குவது?

பணம் எந்த மாதம் வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கொட்டகையில் வளரும் அசீல் கலப்பு 1.2 கிலோ எடைக்கு வர ஏறக்குறைய 110 நாள் ஆகும். பள்ளி, கல்லூரிச் செலவு ஜூனில் என்றால் பிப்ரவரி 10 வாக்கில் குஞ்சு இறக்க வேண்டும். மே கடைசியில் கோழி எடைக்கு வந்துவிடும்.

அடுத்த பேட்ச்சை ஜூலை முதல் வாரம் இறக்கினால் அக்டோபர் 20-ஐ ஒட்டி விற்கலாம். அதற்குள் புரட்டாசி முடிந்திருக்கும். புரட்டாசியில் விற்கப் போனால் விலை படுத்துவிடும். ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கும்போது கூப்பிட்டுக் கேட்பார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போடுபவர்களால் மறுபடி மந்தம். அந்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தில் குஞ்சு வளர்ப்பது கெட்டிக்காரர்களுக்கே கஷ்டம். கொட்டகையை அப்போது காலியாக விட்டு, சுத்தம் செய்து, வெள்ளையடித்து வையுங்கள்.

வருடத்துக்கு மூன்று பேட்ச் எடுக்கலாம் என்று சொல்வார்கள். கொட்டகை ஒன்றுதான் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவதை நுழைக்கப் போனால் பெரிய கோழியும் குஞ்சும் ஒரே கூரைக்குக் கீழே சேரும். பெரியதிடமிருந்து சின்னதுக்கு நோய் தாவ அது போதும்.

ஆடியில் குலதெய்வக் கோயில்களுக்குச் சேவல் கேட்டு வருவார்கள், நல்ல விலையும் கிடைக்கும். அதற்காக முதல் பேட்ச்சில் 15, 20 சேவலை நிறுத்தி வைப்பதானால் உறுப்பினர் வீட்டுக் கூண்டுகளில் வையுங்கள். கொட்டகையில் வேண்டாம்.

கொட்டகை எப்படி இருக்க வேண்டும்?

வளர்ந்த கோழிக்கு 2 சதுர அடி, ஆக 100 கோழிக்கு 10 அடிக்கு 20 அடி. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஓர் அடி உயர்த்தி, பக்கச்சுவர் ஓர் அடி எழுப்பி, அதற்கு மேல் கம்பி வலை. கூரை 3 அடி வெளியே நீண்டிருந்தால்தான் சாரல் உள்ளே வராது. தென்னங்கீற்றுக் கூரை ஏப்ரல், மே வெயிலுக்கு நல்ல குளிர்ச்சி. சிமெண்ட் ஷீட் போட்டிருந்தால் மேலே கீற்றைப் பரப்பிக் கட்டுங்கள்.

கீரியும் பாம்பும் வலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் நுழையும். இரண்டு விரல் போகும் ஓட்டை எங்கிருந்தாலும் குஞ்சு வருமுன் அடைத்துவிடுங்கள்.

தரையில் 2 முதல் 3 அங்குலம் நெல் உமி. வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதை அள்ளி எறிந்து, சுண்ணாம்புத் தூள் தூவி, புது உமி போடுங்கள். இரத்தக்கழிச்சல் பெரும்பாலும் தண்ணீர்க் குடுவையைச் சுற்றியுள்ள ஈர உமியில்தான் தொடங்குகிறது. குடுவைக்குக் கீழே ஒரு செங்கல் வைத்தாலே பாதி ஈரம் குறையும்.

முதல் மூன்று வாரம் என்ன செய்ய வேண்டும்?

சாகிற குஞ்சில் பெரும்பகுதி இந்த மூன்று வாரத்தில்தான் சாகிறது. குழு முழுவதும் இதற்காகக் கண் விழிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

குஞ்சு வருவதற்கு முன்பே ஒன்றரை அடி உயரத் தகரம் அல்லது கெட்டி அட்டையால் 5 அடி விட்டத்தில் வட்டமாகத் தடுப்பு கட்டுங்கள். சதுரமாகக் கட்டினால் குளிரில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். உமிக்கு மேல் செய்தித்தாளைக் கசக்கி விரியுங்கள். வழவழப்பான தாளில் கால் வழுக்கி விரிந்து குஞ்சு ஊனமாகிவிடும். நான்காம் நாள் தாளை எடுத்துவிடலாம்.

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கில் 100 குஞ்சுக்கு 200 வாட். ஒரே பெரிய பல்பாகப் போடாமல் 40 வாட் பல்பு ஐந்தாகப் போட்டால் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றவை காப்பாற்றும். குஞ்சு வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே எரியவிடுங்கள். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒவ்வொரு குஞ்சின் மூக்கையும் தண்ணீரில் லேசாகத் தொட்டு எடுத்து விடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் கலந்த தண்ணீர் முதல் நாளுக்குப் போதும். தண்ணீர் குடித்த பிறகே தீவனம். அன்று இரவு பத்து குஞ்சைக் கையிலெடுத்து கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் தீவனத்தையும் தண்ணீரையும் கண்டுபிடித்துவிட்டது. காலியாகவோ, தீவனம் மட்டும் கல் போலவோ இருந்தால் அந்தக் குஞ்சைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள்.

பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு கத்துகின்றனவே?

பெரும்பாலும் எல்இடி பல்பாக இருக்கும். அது வெளிச்சம் தரும், சூடு தராது. மஞ்சள் ஒளி தரும் பழைய குண்டு பல்புதான் வேண்டும். கடையில் இல்லையென்றால் கோழித் தீவனக் கடையில் கேளுங்கள்.

சூட்டை அளக்கக் குஞ்சையே பார்க்கலாம். பல்புக்கு அடியில் கும்பலாக ஒட்டிக்கொண்டு விடாமல் கத்தினால் குளிர், பல்பை இறக்குங்கள். தடுப்போரம் ஒதுங்கி வாயைத் திறந்து இரைத்தால் சூடு, ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது, அங்கே சாக்குப் படுதா கட்டுங்கள். வட்டம் முழுக்கப் பரவித் தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தால் சரியாக இருக்கிறது.

இரவில் கரண்ட் போனால் வெந்நீர் ஊற்றி இறுக மூடிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி உள்ளே வையுங்கள். மூடிய இடத்தில் கரிச்சட்டி வைக்கக் கூடாது. அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், காவலிருப்பவரையும் கொல்லும்.

தடுப்பூசி எப்போது, எப்படி?

7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான (கோழிக்கழிச்சல் என்பதும் இதுதான்) எஃப்1 அல்லது லசோட்டா மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. 14-ஆம் நாள் கம்போரோ என்னும் வைரஸ் நோய்க்கு. 28-ஆம் நாள் மறுபடி லசோட்டா, குடிதண்ணீரில். ஆறாவது வாரம் அம்மைத் தடுப்பூசி, இறக்கைச் சவ்வில். எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கான ஊசி, தோலுக்கடியில். உங்கள் பகுதி கால்நடை மருத்துவர் ஓரிரு நாள் முன்பின் சொன்னால் அவர் சொல்படி செய்யுங்கள்.

தடுப்பூசி போட்டும் கோழி செத்தது என்ற புகாரில் அநேகமாக ஐஸில் வைக்காததுதான் காரணம். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கடையிலிருந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் கொண்டு வாருங்கள், முந்தானையில் முடிந்து பஸ்ஸில் வரக் கூடாது. கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். குடிதண்ணீரில் கொடுப்பதென்றால் பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரில் மருந்து செத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, அதில் மருந்தைக் கரையுங்கள். கோழிக்குத் தாகமெடுக்க அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தண்ணீர்க் குடுவையை எடுத்துவிட வேண்டும்.

கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. காலனியில் தெருவில் மேயும் கோழிகளையும் அப்போது கொண்டுபோகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால் உங்கள் கொட்டகைக்கு வர ஒரு செருப்பு போதும்.

கீழாநெல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம், சீரகம் அரைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம். அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது.

திடீரென்று கோழிகள் சாகத் தொடங்கினால்?

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், வாய் திறந்து இரைத்தல் என்றால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். எச்சத்தில் இரத்தம், இறகு சிலிர்த்து மூலையில் குந்துதல் என்றால் இரத்தக்கழிச்சல். பின்னதற்கு ஆம்புரோலியம் மருந்து கேட்கும், முன்னதற்கு மருந்து கிடையாது. நோய்ப்பட்டதைத் தனியே பிரியுங்கள். செத்ததைக் கிணற்றிலிருந்து தள்ளி 3, 4 அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஒரே நாளில் பல கோழி செத்தால் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிச் சொல்வார்கள். நஷ்டம் குறையட்டும் என்று நோய்க்கோழியை மலிவாக விற்பது பாவம். சந்தையில் விற்காமல் திரும்பி வந்த கோழியை மறுபடி கொட்டகையில் விடுவதும் அதே அளவு ஆபத்து.

தீவனச் செலவை எப்படிக் குறைப்பது?

முதல் எட்டு வாரம் குறைக்கப் பார்க்காதீர்கள். 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம்தான். அதற்குப் பிறகு குருணை, கம்பு, சோளம் சேர்த்துக் கொடுக்கலாம். அகத்தி, முருங்கைத் தழையைக் கட்டித் தொங்கவிட்டால் தீனியும் ஆயிற்று, ஒன்றையொன்று கொத்திக்கொள்வதும் குறையும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாத் தழைக்குத் தொட்டி இரண்டு போட்டால் தினமும் கொஞ்சம் கிடைக்கும்.

நம் ஊர் பழைய வழி ஒன்று உண்டு: கரையான். வாய் அகன்ற பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் உள்ளே கொழுகொழுவென்று கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அது நல்ல புரதம். பானையைத் தட்டிய மாத்திரத்தில் குஞ்சுகள் ஓடி வந்து மொய்க்கும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கையோ மழையில் நனைந்த மக்காச்சோளத்தையோ வாங்கவே கூடாது. அதிலுள்ள பூஞ்சை நச்சு ஈரலைக் கெடுக்கும். கோழி வளராது, தடுப்பூசியும் பிடிக்காது. தீவன மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

ஒரு பேட்ச்சில் எவ்வளவு மிஞ்சும்?

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் விதத்துக்காக ஒரு மாதிரி: குஞ்சு 100 × 40 = 4,000 ரூபாய். பத்து குஞ்சு ஆரம்பத்திலேயே போய் 90 தேறுகிறது. ஒன்றுக்கு 4 கிலோ தீவனம், கிலோ 38 ரூபாய் என்றால் 13,680. தடுப்பூசி, மருந்து 800. உமி, மின்சாரம் 1,200. மொத்தச் செலவு 19,680.

விற்பனை: 90 கோழி × 1.2 கிலோ = 108 கிலோ. நேரடியாக உயிர்க்கோழி கிலோ 300-க்கு விற்றால் 32,400. மிச்சம் 12,720. அதையே வியாபாரியிடம் மொத்தமாக 200-க்குத் தள்ளினால் வருவது 21,600, மிச்சம் வெறும் 1,920. பத்துக்குப் பதில் முப்பது செத்து, நேரடியாக விற்றாலும் மிச்சம் சுமார் 8,500-க்கு இறங்கிவிடும். கொட்டகை கட்டிய செலவு இதில் இல்லை, அதைத் தனியாக எழுதுங்கள்.

ஆகவே 80-ஆம் நாளிலேயே வாங்குபவர் பட்டியல் எழுதத் தொடங்குங்கள். காலனிவாசிகள், பக்கத்து ஊர் மெஸ், பள்ளி ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை. சொந்தத் தராசு வாங்குங்கள். கண் மதிப்பில் விற்றால் கோழிக்கு 100, 150 கிராம் கைவிட்டுப் போகும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

பல குழுக்களில் கோழி நன்றாக வளர்ந்தும் படிப்புக்குப் பணம் சேராமல் போவது இங்கேதான். விற்ற அன்றே, அதே இடத்தில் உட்கார்ந்து பிரியுங்கள். "எல்லாச் செலவும் போக மிஞ்சினால் படிப்புக்கு" என்று விட்டால் மிஞ்சவே மிஞ்சாது.

முதலில் 19,680-ஐ அப்படியே எடுத்து வையுங்கள். அது அடுத்த பேட்ச்சின் முதலீடு, யார் வீட்டுக் காதுகுத்துக்கும் கடன் கொடுக்கக் கூடாது. மிச்சம் 12,720-இல் 60 சதவீதம், அதாவது 7,632 ரூபாய், படிப்புக் கணக்குக்கு. 25 சதவீதம், 3,180, கொட்டகையில் வேலை பார்த்தவர்களுக்கு. 15 சதவீதம், 1,908, நோய்க்கும் பழுதுக்கும் கையிருப்பு. படிப்புக் கணக்கு வங்கியில் தனியாக இருக்க வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துடன்.

வருடத்துக்கு இரண்டு பேட்ச் என்றால் படிப்புக்கு 15,264 ரூபாய். இதைப் பன்னிரண்டு வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 1,272, நோட்டும் செருப்பும் வாங்குவதோடு சரி. சேர்த்து வைத்து, அந்த வருடம் பன்னிரண்டாவது முடிக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அது ஒரு அட்மிஷன். நாங்கள் இரண்டாவது வழியைத்தான் சொல்வோம். அடுத்தடுத்த வருடங்களில் யார் வீட்டுப் பிள்ளை கல்லூரி வாசலுக்கு வரும் என்று ஐந்து வருடப் பட்டியலை இப்போதே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு சண்டை வராது. முடிந்த இடத்தில் பணத்தைக் கல்லூரிக்கே கட்டி, ரசீதைக் குழுப் புத்தகத்தில் ஒட்டுங்கள். பட்டியலில் பெண் பிள்ளையின் பெயரைப் பின்னால் தள்ளுகிற வேலை நடக்கும். தலைவி அதை அனுமதிக்கக் கூடாது.

யார் வேலை பார்ப்பது? பிள்ளைகள் உதவலாமா?

இரண்டு இரண்டு பேராக வார முறை. முதல் மூன்று வாரத்துக்கு மட்டும் இரவுக் காவல். 3,180 ரூபாயை 110 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 29 ரூபாய்கூட வராது. அது கூலி ஆகாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சாயங்காலம் தழை பறித்துப் போடட்டும், கணக்கு எழுதட்டும். காலையில் கொட்டகை கூட்டிவிட்டு முதல் பீரியடுக்குத் தாமதமாகப் போகிற நிலைமை வந்தால் பண்ணையின் நோக்கமே கெட்டுவிட்டது.

நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்கிறது. சேரலாமா?

முன்பணம் கட்டச் சொன்னால் சேராதீர்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி ஒப்பந்தங்கள் கவிழ்ந்தபோது நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். வாங்குவதாகச் சொல்பவர் உங்கள் ஊர்ச் சந்தை விலையைவிட மிக அதிகம் தருவேன் என்றால், அந்தப் பணம் கோழி விற்று வருவதில்லை.

அரசு மானியம் உண்டா?

250 கோழிகள் கொண்ட சிறு நாட்டுக்கோழிப் பண்ணைக்குப் பாதி மானியம் தரும் திட்டத்தைக் கால்நடை பராமரிப்புத் துறை அறிவித்திருக்கிறது. இந்த வருடம் எத்தனை பேருக்கு, என்ன தகுதி என்பதை உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கடனுக்கு மகளிர் திட்ட அலுவலகம். இரண்டு பேட்ச்சின் வரவு செலவுப் புத்தகம் கையிலிருந்தால் வங்கியில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. நாற்றம் என்று சண்டை வருமா?

வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைச் செய்யாதீர்கள். காலனியின் கடைசி வீட்டிலிருந்தும் தள்ளி, ஊர்ப் புறத்தில் இடம் பாருங்கள். உமி காய்ந்திருந்தால் நாற்றம் பெரிதாக வராது. பேட்ச் முடிந்ததும் எருவை மூட்டை கட்டி விவசாயிகளுக்கு விற்றுவிடுங்கள்.

கறிக்குப் பதில் முட்டைக்கு வளர்க்கலாமா?

மாதாமாதம் டியூஷன் கட்ட வேண்டியிருக்கும் வீடுகளுக்கு 10 பெட்டைகள் வீட்டோடு வளர்ப்பது பொருந்தும். நாட்டுப்பெட்டை வருடத்துக்கு 50, 60 முட்டைதான் இடும். கிராமப்பிரியா போன்றவை அதைவிட மிக அதிகம். வெறும் முட்டைக்குச் சேவல் தேவையில்லை. அடை வைப்பதானால் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். எவ்வளவு விற்றாலும் வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நாளுக்கு ஒரு முட்டையை எடுத்து வைத்துவிட்டு மீதியை விற்கக் கொண்டுபோங்கள்.